துடைக்காத பாட்டில்

விமானந்தாங்கிக் கப்பலில் எரிபொருள் பிரிவுக்குப் போகப்போகும் பிள்ளைகளே, வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் உங்கள் காலத்தில் கருவியே கத்திச் சொல்லிவிடுமாம். எங்களுக்குக் கண்தான் கருவி. அந்தக் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மனசு முன்கூட்டியே முடிவு செய்துவிடும். எல்லா வம்பும் அங்கேதான் தொடங்கியது.

நான் சின்னமனூர்க்காரன். கப்பல்படையில் இருந்த காலத்தில் பெரும்பகுதியைக் கடல்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் வயிற்றுக்குள், விமான எண்ணெய் டேங்குகளோடு கழித்தேன். இப்போது வாழை போட்டிருக்கிறேன். மாவட்டத்து முன்னாள் கப்பல்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். நம் பள்ளத்தாக்கிலிருந்து இந்த முறை மூன்று பேர் இந்தப் பிரிவுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள், அதில் ஒருத்தி மயிலாடும்பாறைப் பெண் என்றார்கள். "பிள்ளைகளுக்குத் தைரியம் வர்ற மாதிரி ஏதாச்சும் எழுதிக் குடுங்கண்ணே" என்று கேட்டார்கள். தைரியத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. பொறாமையைப் பற்றி என்றால் மலர் முழுக்க நானே எழுதுவேன்.

வேலையைப் பற்றி நாலு வரி மட்டும். விமான எண்ணெய் கரையிலிருந்தோ, நடுக்கடலில் இன்னொரு கப்பலிலிருந்தோ வந்து நம் டேங்குகளில் இறங்கும். கூடவே கொஞ்சம் தண்ணீரும் வந்தே தீரும். தண்ணீர் கனம், அடியில் போய்த் தங்கும். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சத்தை வடிகட்டி மேல்தளத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பைக்கில் பெட்ரோலோடு தண்ணீர் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். விமானத்தில் இறங்கித் தள்ள வழி கிடையாது.

அதனால் ஒரு டேங்கைத் திறப்பதற்கு முன், அதன் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டில் நிறையப் பிடித்து விளக்குக்கு நேரே பார்ப்போம். தெளிவாக இருந்தால் அடுத்த சோதனைக்குப் போகலாம். மங்கலாக இருந்தால் டேங்கை அப்படியே மூடிவிட வேண்டும். எங்கள் கப்பலில் ஒரு வழக்கம் இருந்தது. முறை முடிந்து போகிறவன் ஒரு பாட்டில் பிடித்துப் பார்ப்பான். முறை ஏற்க வருகிறவன் தனியாக இன்னொரு பாட்டில் பிடித்துப் பார்ப்பான். இரண்டு பேரும் சரி என்றால்தான் சரி. ஒருவன் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்களுக்கு மேலே ஒரு சீஃப் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. கொல்லத்துப் பக்கம். பேச்சு குறைவு. இடுப்பில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி செருகியிருப்பார். எனக்கு மலையாளம் வரும். பள்ளி விடுமுறைக்கெல்லாம் குமுளியில் என் மாமா கடையில் நின்று பழகியது. சீஃப் மலையாளி என்று தெரிந்த அன்றே, இனி அவருக்கு வலது கை நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார். மறுபடி கொடுத்தேன். மறுபடியும் தமிழ்தான்.

என்னோடு அதே நாளில் அந்தப் பிரிவுக்கு வந்தவன் ஜெயசிங். போடிக்காரன். பஜாரில் தலைமுறையாக ஏலக்காய்க் கடை. கடைக்கு மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், மலையாளத்தில் தண்ணீர் கேட்கக்கூட அவனுக்குத் தெரியாது. ஆகவே இவனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன்.

முதல் நாளே சீஃப் ஒரு பாட்டிலை எங்கள் முன்னால் வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நல்லா இருக்கு சீஃப்" என்றேன். ஜெயசிங் அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கி, கீழிருந்து அண்ணாந்து பார்த்தான். லேசாக ஒரு சுழற்று சுழற்றினான்.

"அடியில ஒரு முத்து உருளுது சீஃப்" என்றான்.

மிளகளவு தண்ணீர். நான் பார்க்கவில்லை.

"இது ஆரு படிப்பிச்சது?" என்று மலையாளம் ஒட்டிய தமிழில் கேட்டார் சீஃப்.

"எங்கப்பாரு சொல்லுவாக சீஃப். மேல இருக்கிற காயி மூட்டை கட்டுனவன் காட்டுற காயி, அடியில இருக்கிறதுதான் விக்கிற காயின்னு. மூட்டை அவுத்தா முழங்கை வரைக்கும் கையை விட்டு அடிக்காயை எடுத்துத்தான் பாப்பாக."

சீஃப் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லையாம். அந்தச் சிரிப்பு எனக்கு வந்திருக்க வேண்டியது என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஜெயசிங் எதைச் செய்தாலும் எனக்கு ஆகவில்லை. அவன் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது ஆகவில்லை. சீஃப் அவனைப் "போடி" என்று ஊர்ப்பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆகவில்லை. என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அவன் வீட்டிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலம் வரும், எங்கள் பிரிவு டீ முழுக்க அவன் வீட்டு வாசம் அடிக்கும். வயிறு எரிந்துகொண்டே இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிப்பேன். டீ நன்றாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் முறையையும் சேர்த்து அவன் பார்த்தான். சீஃப் அதற்கும் அவனைத்தான் மெச்சினார்.

இனி நான் சொல்ல வந்தது. எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று கேட்காதீர்கள். சொல்லக்கூடாது என்று பழகிய நாக்கு. கப்பல் போர்க்கால ஒழுங்கில் இருந்தது. விமானங்கள் மாறி மாறி மேலே சுற்றிக் காவல் பார்த்தன. ஒன்று இறங்க வேண்டுமானால் அதற்குப் பதிலாக இன்னொன்று ஏறியாக வேண்டும். வானம் ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது என்பது உத்தரவு.

ஒரு காலை எட்டு மணிக்கு ஜெயசிங்கிடமிருந்து நான் முறை ஏற்றேன். அடுத்து ஏறவேண்டிய விமானத்துக்கான எண்ணெய் எங்கள் மூன்றாம் டேங்கில் தயாராக இருந்தது. அவன் பாட்டில் பார்த்துச் சரி என்று எழுதியிருந்தான்.

"நல்லாத் தெளிஞ்சிருக்குலே சின்னமனூரு. நீயும் பாத்துட்டுத் தொறந்து விட்டுரு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

நானும் ஒரு பாட்டில் பிடித்தேன். பம்ப் ரூம் வேர்த்து ஊற்றும் இடம். டேங்கு எண்ணெய் கடலடிக் குளிர்ச்சியில் இருக்கும். குளிர்ந்த எண்ணெயைப் பிடித்தால் பாட்டிலின் வெளிப்பக்கம் உடனே வியர்த்துவிடும். துணியால் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இது எங்களில் எல்லோருக்கும் தெரியும். துடைப்பதற்கு முன், பாட்டிலின் அடியில் வியர்க்காத ஒரு சின்ன இடம் வழியாக உள்ளே பார்த்தேன். எண்ணெய் கண்ணாடி மாதிரி இருந்தது.

என் கை இடுப்புத் துணிக்குப் போனது. அந்த நேரம் படியில் லெப்டினன்ட் தடதடவென்று இறங்கி வந்தார். சின்ன வயது, வடக்கத்திக்காரர், மேலிருந்து ஆயிரம் நெருக்கடி. கடைசிப் படியில் நின்றபடியே, மூன்றாம் டேங்க் போகலாமா வேண்டாமா என்று கேட்டார்.

நான் துணியை எடுக்கவில்லை. வியர்த்த பாட்டிலை அப்படியே விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினேன்.

"மங்கலா இருக்கு சார்" என்றேன்.

தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது மங்கல்தான். பாட்டிலை மூடச் சொல்லி, டேங்கையும் மூடச் சொல்லி, சரி என்று எழுதியவன் யார் என்று கேட்டார். "ஜெயசிங் சார்" என்று சொன்னபோது என் குரலில் வருத்தம்கூட இருந்தது. நன்றாக நடித்தேன் என்று நினைக்கிறேன்.

இன்னொரு டேங்கை ஆயத்தம் செய்து, குழாயைக் கழுவி, சோதித்து அனுப்ப நேரம் பிடித்தது. மாற்று விமானம் தளத்திலேயே காத்து நின்றது. மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானி இறங்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். மேலே நடப்பது எதுவும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு மேல்தளத்துத் தொலைபேசி உண்டு, ஓடும் எண்ணெயைக் காட்டும் மீட்டர் உண்டு, அவ்வளவுதான். மாற்று விமானம் ஏறிப்போய், பழையவர் ஒருவழியாக இறங்கிவிட்டார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அவர் விமானத்துக்கு எண்ணெய் திறந்துவிட்டேன்.

திரும்பி வரும் விமானம் எவ்வளவு குடிக்கும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மீட்டர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. தாண்டி ஓடியது. தொலைபேசியில் கேட்டேன்.

"இன்னும் வாங்குது" என்றான் மேலே இருந்தவன்.

மறுபடியும் கேட்டேன். "இன்னும் வாங்குதுப்பா" என்றான்.

ஒரு விமானம் வெறும் வயிற்றோடு வந்து இறங்கியிருக்கிறது என்பதை அந்த மீட்டரில் பார்த்தேன். முதல் முறை சரியாக இறங்காமல் போயிருந்தால், இன்னொரு சுற்றுச் சுற்றி வர அவரிடம் எண்ணெய் இருந்திருக்காது. கீழே கடல்தான். 

மத்தியானம் எல்லோரையும் நிறுத்தி லெப்டினன்ட் என்னைப் பாராட்டினார். தாமதமானாலும் தண்ணீர் கலந்த எண்ணெய் போகாமல் தடுத்தவன் என்றார். இதற்குள் பாட்டில் சூடேறி, வியர்வை காய்ந்து, எண்ணெய் பளிச்சென்று தெரிந்தது. அதை வைத்து நான் மாட்டிக்கொள்வேனோ என்று பயந்தேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். ஆனால் குளிரில் மங்கலாக இருக்கும் எண்ணெய் சூடேறினால் தெளிவதும் உண்டு. அதனால் தெளிந்த பாட்டில் எதையும் நிரூபிக்கவில்லை. ஜெயசிங்கைப் பாட்டில் பார்க்கும் வேலையிலிருந்து நீக்கி, மேல்தளத்தில் ஹோஸ் இழுக்கும் கூட்டத்துக்கு மாற்றினார்கள்.

சீஃப் கீழே வந்தார். நிராகரித்த பாட்டிலை அன்று முழுக்க அலமாரியில் வைத்திருப்பது வழக்கம். அதைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் வட்டமாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. வெளிப்பக்கத்து வியர்வை வழிந்து தேங்கியது; துடைத்துப் பார்த்த பாட்டில் என்றால் அவ்வளவு வழியாது. அந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தார். ஜெயசிங் பக்கத்தில்தான் தலை குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"கிளாஸ் வியர்க்கும். எண்ண வியர்க்கில்ல" என்றார் சீஃப்.

மலையாளத்தில், வாய்க்குள்ளேயே வேகமாகச் சொன்னார். அங்கே அது எனக்கு மட்டும்தான் புரியும். எத்தனை மாதம் ஏங்கியிருப்பேன், இவர் என்னிடம் ஒரு வார்த்தை மலையாளத்தில் பேசமாட்டாரா என்று. பேசிவிட்டார்.

அவர் மேலே புகார் செய்யவில்லை. செய்தாலும் நிற்காது. நான் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தார் என்றே நினைக்கிறேன். நான் திறக்கவில்லை. சில மாதம் கழித்து மாற்றலாகிப் போகும்போது தன் கைவிளக்கை ஜெயசிங்குக்குக் கொடுத்தார். எனக்கு அந்த இடுப்புத் துணியைக் கொடுத்தார். வெட்கப்பட வேண்டிய அந்த நேரத்திலும், விளக்கு அவனுக்கா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஜெயசிங்கோ அன்று சாயங்காலமே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நல்லவேளைடா. நீ மட்டும் பாக்கலேன்னா ஒரு உசுரு என் கணக்குல போயிருக்கும்" என்றான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் போடிக்குத் திரும்பி அப்பா கடையில் உட்கார்ந்துவிட்டான். நான் தங்கி, பின்னால் அதே பிரிவுக்குச் சீஃபும் ஆனேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனிடமிருந்து முதல்தரக் காயாக ஒரு பொட்டலம் வரும். முப்பது வருடத்துக்கு மேலாக வந்தது. என் மனைவி அதைப் போட்டுத்தான் டீ போடுவாள்.

பிள்ளைகளே, இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் டேங்கை மூடுங்கள். எவன் படியில் நின்று அவசரப்படுத்தினாலும் மூடுங்கள். அதில் மாற்றமே இல்லை. எனக்கு அன்று சந்தேகம் இருக்கவில்லை. "சரி" என்கிறவனை நம் தொழிலில் நூறு பேர் குடைவார்கள், "வேண்டாம்" என்கிறவனை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகை எண்ணெய்க்காக நமக்குக் கொடுத்தது. நான் அதை என் வயிற்றெரிச்சலுக்குப் பயன்படுத்தினேன்.

இந்த மலருக்கு இதே கதையை வேறு மாதிரி எழுதத்தான் முதலில் நினைத்தேன். நெருக்கடியில் உறுதியாக நின்று தடுத்தவன் கதையாக. சில விவரங்களைக் கேட்டுக்கொள்ளலாம் என்று கார்த்திகை மாதம் போடிக்குப் பஸ் ஏறினேன்.

கடையில் கூட்டமில்லை. ஜெயசிங் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடிக்காயை எடுத்தான். சீஃப் கொடுத்த விளக்கை அடித்துப் பார்த்தான். பார்த்துவிட்டு, "எஸ்தரு, இங்கன வந்து இதைப் பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டான். அந்த அம்மாள் வந்து பார்த்துத் தரம் சொன்னபிறகுதான் வியாபாரிக்குத் தலையாட்டினான். போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். பொண்டாட்டியைக் கேட்காமல் மூட்டை கட்டமாட்டான் என்று கேலியும் செய்திருக்கிறேன்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"எழுதுலே. என் பேரையும் போட்டே எழுது. நல்லாப் பாக்குறோம்னு நெனச்சவன் எப்படிக் கோட்டை விட்டான்னு அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியணும்ல" என்றான். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. சீஃப் போகும்போது தன் இடுப்புத் துணியவே உனக்குக் குடுத்துட்டுப் போனாகல்ல? எனக்கு அன்னைக்கு உம் மேல பொறாமையா இருந்துச்சுடா."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. அந்தத் துணியை ஏன் கொடுத்தார் என்று சொன்னேன். வியர்த்த பாட்டில், லெப்டினன்ட், அலமாரியில் இருந்த வட்டம், சீஃப் மலையாளத்தில் சொன்னது, எல்லாம் சொன்னேன்.

அவன் கையிலிருந்த விளக்கை அணைத்து வைத்தான்.

"அப்ப அந்த எண்ணெ?" என்றான்.

"நல்ல எண்ணெ."

"தெளிவா இருந்துச்சா?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"எஸ்தரு!" என்று கத்தினான். "அது நல்ல எண்ணெயாம்! நான் பாத்தது சரிதானாம்!" அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் முகம் பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அந்த முகத்தைப் பார்த்தபோதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. குற்றம் செய்தவன் நான், அதைச் சொன்ன பிறகு மனசு லேசானது அவனுக்கு.

அந்தச் சந்தோஷம் அவன் முகத்தில் நீடிக்கவில்லை. மெல்ல உட்கார்ந்தான்.

"ஊருக்கு வந்த நாள்ல இருந்து ஒரு மூட்டையக்கூட நான் தனியாப் பாத்துத் தரம் சொன்னதில்லடா" என்றான். "எங்கப்பாரு சாகுற வரைக்கும் கேட்டாக, ஏன்டா உனக்குக் கண்ணு போச்சான்னு. ஆமான்னு சொன்னேன்."

இன்னொரு மூட்டை வந்து இறங்கியது. அவன் எழுந்து, அதை அவிழ்த்து, அடிவரை கையை விட்டுக் காயை எடுத்தான். விளக்கடியில் பார்த்தான். எஸ்தர் அம்மாள் பழக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றார். அவன் கையை அவர் பக்கம் நீட்டவில்லை. தரத்தை அவனே சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீ கெளம்பு. சின்னமனூர் பஸ்ஸு இப்பத்தான் வரும்" என்றான்.

கிறிஸ்துமஸ் போய்ப் பொங்கலும் வந்துவிட்டது. நேற்று என் மனைவி, "ஜெயசிங் அண்ணன் வீட்டு ஏலக்காய் இன்னும் வரக் காணோமே, தபால்ல எங்கிட்டும் போயிருச்சா?" என்று கேட்டாள். இனி வராது என்றேன். ஏன் என்றாள். நான் எழுதி வைத்திருந்த இந்தக் காகிதங்களைக் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே கடைசி வரை படித்தாள்.  ஏலக்காய் இல்லாமல் டீ போட்டு, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.